மார்கழிக் கெடுவும் ஒற்றை வீடும்

மழைக்காலத்தில் பழைய வீட்டை விற்க யாரும் விரும்புவதில்லை. கூரையில் ஊறும் நீரும் சுவரில் படரும் பாசியும், வாங்க வருபவரிடம் வீட்டின் வயதைச் சொல்லிவிடும். மும்பைப் புறநகர்களில் தீபாவளி முடிந்து, சுவர் காய்ந்து, ஒரு கை வண்ணம் பூசிய பிறகே பழைய அடுக்குமாடி வீடுகளுக்கு விலை பேச்சு சூடு பிடிக்கிறது. கார்த்திகையில் தொடங்கும் இந்தப் பேச்சு மார்கழியில் தயங்கி, தை பிறந்ததும் மீண்டும் எழும். பங்குனிக்குள் பத்திரம் பதிவாக வேண்டும். ஆண்டில் இந்த நான்கைந்து மாதங்கள்தான் பழைய வீட்டின் சந்தைக் காலம்.

சத்ரபதி சிவாஜி முனையத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கல்யாணைத் தாண்டி கர்ஜத் செல்லும் தடத்தில் இருக்கிறது அம்பர்நாத். கி.பி. 1060ல் கட்டப்பட்ட சிவன் கோயிலால் பெயர் பெற்ற இவ்வூர், 1920களில் வந்த தீப்பெட்டித் தொழிற்சாலையாலும், பின்னர் வந்த பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளாலும் தொழில் நகரமானது. இங்குள்ள இயந்திரக் கருவித் தொழிற்சாலை, 2021 அக்டோபர் முதல் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. தாராவியில் குடிசையிலும், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகை அறையிலும் வாழ்க்கையைத் தொடங்கிய தமிழ்க் குடும்பங்களில் பல, சொந்தமாக ஒரு வீடு என்று நினைத்தபோது கைக்கு எட்டிய விலையில் கிடைத்தவை டோம்பிவிலி, கல்யாண், அம்பர்நாத் போன்ற ஊர்களே.

அன்று அந்த வீட்டை வாங்கிய தலைமுறை இன்று ஓய்வு பெற்றுவிட்டது. சொந்த ஊருக்குத் திரும்ப, மகள் திருமணத்தை நடத்த, மருத்துவச் செலவைச் சமாளிக்க என்று அந்த ஒற்றை வீட்டை விற்கும் நிலைக்குப் பல குடும்பங்கள் வந்திருக்கின்றன. அவர்கள் வாழ்நாளில் செய்யும் ஒரே பெரிய வியாபாரம் அது. ஆண்டுக்கு நூறு வீடு விற்கும் கட்டுமான நிறுவனத்துக்குக் கணக்கரும் வழக்குரைஞரும் உண்டு. ஒரு வீடு விற்கும் முதியவருக்குத் தெருமுனைப் புரோக்கர் மட்டுமே துணை.

அவர் எப்போது விற்பது, எவ்வளவுக்கு விற்பது என்பதை முடிவு செய்வது சந்தை மட்டுமல்ல. மும்பைத் தலைமைச் செயலகமும் தில்லியில் நிதியமைச்சகமும் குறிக்கும் கெடுக்களும் அந்த முடிவில் பங்கு கொள்கின்றன. அந்தக் கெடுக்கள் பெரும்பாலும் குளிர்கால மாதங்களிலேயே வந்து விழுகின்றன. அவை நூறு வீடு வைத்திருப்பவருக்கு வாய்ப்பாகவும், ஒரு வீடு வைத்திருப்பவருக்கு நெருக்கடியாகவும் மாறுவதை அண்மைக்கால அனுபவங்கள் காட்டுகின்றன.

மூன்று டிசம்பர்கள்

தமிழகத்தில் வழிகாட்டி மதிப்பு என்று அழைக்கப்படுவது மகாராஷ்டிரத்தில் "ரெடி ரெக்கனர்" எனப்படுகிறது. முத்திரைத் தீர்வையைக் கணக்கிட, பகுதிவாரியாக அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்ச மதிப்பு இது. 2015 வரை இந்த மதிப்பு ஜனவரி 1ம் தேதி திருத்தப்பட்டு வந்தது. புத்தாண்டில் மதிப்பு உயரும் என்பதால், டிசம்பர் 31க்குள் பத்திரத்தை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் ஆண்டுதோறும் இருந்தது.

மார்கழியில் மங்கல காரியங்களைத் தவிர்ப்பது தமிழர் வழக்கம். மராட்டியர்களுக்குப் பௌஷ மாதமும், வட இந்தியருக்குக் "கர்மாஸ்" எனப்படும் நாட்களும் அப்படியே. ஏறக்குறைய இவை அனைத்தும் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவுக்குள் வருபவை. வாங்குபவர் "தை பிறக்கட்டும்" என்பார். தை பிறந்தால் புதிய மதிப்பு வந்துவிடும். கூடுதல் தீர்வையைக் காரணம் காட்டி அவர் விலையைக் குறைக்கக் கேட்பார். தீர்வையைக் கட்டுவது வாங்குபவர்தான் என்று சட்டமும் வழக்கமும் சொன்னாலும், பேரத்தில் அதன் சுமை விற்பவர் தலையிலும் இறங்குவதை மறுக்க முடியாது.

2016ல் இந்தத் தேதி ஏப்ரல் 1க்கு மாற்றப்பட்டது. நிதியாண்டோடு ஒத்துப்போகும் இந்த மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆனால், குளிர்காலக் கெடு அத்துடன் ஓய்ந்துவிடவில்லை.

கரோனா பொது முடக்கத்தால் வீட்டு விற்பனை முடங்கிய 2020ம் ஆண்டில், மகாராஷ்டிர அரசு முத்திரைத் தீர்வையைத் தாற்காலிகமாகக் குறைத்தது. செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை 3 சதவீதப் புள்ளிகள் குறைப்பு. 2021 ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை 2 சதவீதப் புள்ளிகள் குறைப்பு. மும்பை நகரில் 5 சதவீதமாக இருந்த தீர்வை முதல் கட்டத்தில் 2 சதவீதமாகவும், அடுத்த கட்டத்தில் 3 சதவீதமாகவும் ஆனது. டிசம்பர் இறுதியில் பதிவு அலுவலகங்களில் கூட்டம் அலைமோதியது. அந்த ஒரு மாதத்தில் மும்பை நகரில் மட்டும் 19 ஆயிரத்துக்கும் அதிகமான வீட்டு ஆவணங்கள் பதிவாகின. மார்கழியும் பௌஷமும் அந்த ஆண்டு யாரையும் தடுக்கவில்லை.

வீடு ஒன்றுக்கு 40 லட்ச ரூபாய் விலை என்றால், 3 சதவீதம் என்பது 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். நாள் பார்ப்பவரையும் நாளை மறக்கச் செய்யும் தொகை அது. ஆவணத்தில் கையெழுத்திட்டு டிசம்பர் 31க்குள் தீர்வையைச் செலுத்திவிட்டால், பதிவுச் சட்டப்படி அடுத்த நான்கு மாதங்களுக்குள் பதிவு செய்துகொள்ளலாம் என்ற வசதியும் இருந்தது. கட்டுமான நிறுவனங்களின் சட்டப் பிரிவுகளுக்கு இது நன்கு தெரியும். பத்திரம் எழுதி இருபது ஆண்டுகளாகிவிட்ட ஓய்வூதியருக்கு இதை யார் போய்ச் சொல்வது?

சலுகையின் பலன் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. எஞ்சிய தீர்வையையும் தாங்களே ஏற்பதாகக் கட்டுமான நிறுவனங்களின் அமைப்பு அறிவித்தது. புதிய வீடு வாங்கினால் தீர்வையே இல்லை என்ற விளம்பரங்கள் வந்தன. 2021 ஜனவரியில் கட்டுமான நிறுவனங்கள் செலுத்த வேண்டிய கட்டணங்களை அந்த ஆண்டு முழுவதற்கும் மாநில அரசு பாதியாகக் குறைத்தது. அச்சலுகையைப் பெறும் நிறுவனங்கள் வீடு வாங்குபவரின் தீர்வையை ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. அரசு விட்டுக்கொடுத்த வருவாயைக் கொண்டு புதிய வீடு தீர்வையின்றி விற்கப்பட்டது. பக்கத்துத் தெருவில் முப்பது ஆண்டு பழமையான வீட்டை விற்க வந்தவர், அந்தச் சலுகைக்கு ஈடாகத் தன் விலையிலிருந்து கழித்துக் கொடுக்க வேண்டியவரானார்.

சலுகையே தவறு என்று வாதிடுவது நியாயமாகாது. கட்டடத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் ஊர் திரும்பிய நேரம் அது. தேங்கிய வீடுகள் விற்றால்தான் பணி தொடங்கும், பணி தொடங்கினால்தான் கூலி கிடைக்கும் என்ற நிலையில் அரசு எடுத்த முடிவு பயனளித்தது. பதிவுகளின் எண்ணிக்கையே அதற்குச் சான்று. கெடு இல்லாத சலுகை அவசரத்தை உண்டாக்காது என்ற வாதத்திலும் பொருளுண்டு. ஆனால், புதிய வீட்டுக்கும் பழைய வீட்டுக்கும் சலுகை சமமாகச் சென்று சேரும் வகையில் திட்டம் வகுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு விடை இல்லை.

2021 ஏப்ரலில் பெண்கள் பெயரில் வாங்கும் வீடுகளுக்குத் தீர்வையில் 1 சதவீதம் குறைக்கப்பட்டது. கூடவே, அந்த வீட்டை 15 ஆண்டுகளுக்கு ஆண் ஒருவருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. வாங்கும்போது தந்த சலுகை, விற்கும்போது விலங்கானது. 2023ல் தான் இந்த நிபந்தனை நீக்கப்பட்டது. வாங்குபவரை மட்டும் மனத்தில் வைத்து விதி எழுதினால், அவரே ஒருநாள் விற்பவராவார் என்பது மறந்துபோகிறது.

மூன்றாவது டிசம்பர் 2023ல் வந்தது. அது பழைய வீடுகளுக்கென்றே வந்ததுதான். மகாராஷ்டிரத்தில் வீட்டு விற்பனை ஒப்பந்தங்களைக் கிரயப் பத்திரத்துக்கு இணையாகக் கருதி முழுத் தீர்வை வசூலிக்கும் முறை 1985 டிசம்பரில் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தால் வந்தது. அதற்கு முன் சில ரூபாய் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதியவர்களும், பின்னர் விவரம் தெரியாமல் குறைவான தீர்வை செலுத்தியவர்களும் ஏராளம். வீட்டில் குடியிருக்கும் வரை இதனால் தொல்லை இல்லை. விற்க முனையும் நாளில்தான் வாங்குபவரின் வங்கி, ஆவணச் சங்கிலியில் இந்தக் கண்ணி ஏன் பலவீனமாக இருக்கிறது என்று கேட்கும். அபராதம் சேர்ந்து, குறைத் தீர்வையைவிடப் பல மடங்காக நிற்கும்.

இதைத் தீர்க்க மாநில அரசு பொது மன்னிப்புத் திட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. 2023 டிசம்பர் 1 முதல் 2024 ஜனவரி 31 வரை முதல் கட்டம். பிப்ரவரி 1 முதல் மார்ச் 31 வரை இரண்டாம் கட்டம். 1980 முதல் 2000 வரையிலான ஆவணங்களில் குறைத் தீர்வை 1 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், முதல் கட்டத்தில் தீர்வை, அபராதம் இரண்டுமே முழுமையாகத் தள்ளுபடி. இரண்டாம் கட்டத்தில் சலுகை குறைவு. இது நல்ல திட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால், முழுத் தள்ளுபடிக்குக் கிடைத்தவை இரண்டே மாதங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் காலமாகி, வாரிசுகள் நெல்லையிலும் நாகர்கோவிலிலும் வளைகுடாவிலும் சிதறிக் கிடக்கும் குடும்பம், வாரிசுச் சான்றிதழுக்கே இரண்டு மாதம் அலைய வேண்டும். பின்னர் கெடு நீட்டிக்கப்பட்டது உண்மை. நீட்டிக்க வேண்டி வந்ததே, முதலில் வைத்த கெடு போதாது என்பதற்கான ஒப்புதல் அல்லவா?

தில்லியின் நாட்காட்டி

மாநில அரசின் கெடுவைத் தாண்டினால் மத்திய அரசின் வரி காத்திருக்கிறது. 2024 ஜூலை 23ம் தேதி தாக்கல் செய்த பட்ஜெட்டில், வீடு விற்பனையில் கிடைக்கும் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கான வரியை 20 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். அதே மூச்சில், வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடும் சலுகையும் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. இரண்டு வாரங்களில், ஆகஸ்ட் 7ம் தேதி மக்களவையில் நிதி மசோதா நிறைவேறியபோது திருத்தம் வந்தது. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடுகளை விற்கும் இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள், பழைய முறை, புதிய முறை இரண்டில் எதில் வரி குறைவோ அதைச் செலுத்தலாம் என்று முடிவானது.

அம்பர்நாத் போன்ற ஊர்களுக்கு இந்தத் திருத்தம் எவ்வளவு முக்கியம் என்பதைச் சிறு கணக்கு ஒன்று விளக்கும். 2001-02ல் 6 லட்ச ரூபாய்க்கு வாங்கிய வீடு 2024-25ல் 36 லட்ச ரூபாய்க்கு விற்கப்படுவதாகக் கொள்வோம். புதிய முறையில் ஆதாயம் 30 லட்சம்; வரி 3 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய். பழைய முறையில், வரித்துறையின் குறியீட்டு எண் 100லிருந்து 363 ஆக உயர்ந்ததால், வாங்கிய விலை 21 லட்சத்து 78 ஆயிரமாகக் கணக்கிடப்படும். ஆதாயம் 14 லட்சத்து 22 ஆயிரம். அதற்கு 20 சதவீத வரி 2 லட்சத்து 84 ஆயிரத்து 400 ரூபாய். வேறுபாடு 90 ஆயிரம் ரூபாய்க்கும் மேல். விலை பல மடங்கு ஏறிய பகுதிகளில் புதிய முறை லாபம். மெதுவாக விலை ஏறிய தொலைதூரப் புறநகரில் பழைய முறையே ஏழைக்குக் கைகொடுக்கும். அந்த இரண்டு வாரங்களில் எழுந்த எதிர்ப்பு, உண்மையில் இத்தகைய வீடுகளுக்கான குரல்.

வரி விகிதம் மட்டும் அல்ல, விற்கும் மாதமும் சுமையைக் கூட்டிக் குறைக்கிறது. ஆதாயத் தொகையைக் கொண்டு இந்தியாவில் வேறொரு குடியிருப்பு வீட்டை, விற்பனைக்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்குள் வாங்கினாலோ, மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினாலோ வரிவிலக்கு உண்டு. அம்பர்நாத்தில் விற்று அம்பாசமுத்திரத்தில் வீடு கட்டுபவருக்கும் இது பொருந்தும். ஆனால், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் செலவிடாத தொகையை, மூலதன ஆதாயக் கணக்கு என்ற தனிக் கணக்கில் வங்கியில் செலுத்திவிட வேண்டும். வழக்கமாக அந்த நாள் ஜூலை 31.

ஏப்ரலில் வீடு விற்றவருக்கு அந்த ஜூலை 31 வர ஏறத்தாழ 15 மாதங்கள் உண்டு. பிப்ரவரியில் விற்றவருக்குக் கிடைப்பவை 5 மாதங்களே. சொந்த ஊரில் மனை பார்த்து, வில்லங்கம் பார்த்து, வரைபட அனுமதி வாங்க 5 மாதம் போதுமா? பணத்தைச் சாதாரண வைப்புத் தொகையில் போட்டுவிட்டு இரண்டு ஆண்டு இருக்கிறதே என்று நம்பியிருந்தவர், தனிக் கணக்கைப் பற்றித் தாமதமாகக் கேள்விப்பட்டால் விலக்கையே இழக்க நேரிடும். பழைய வீட்டின் சந்தைக் காலமோ குளிர்காலம். ஆகவே, ஒரே சட்டத்தின் கீழ் கோடையில் விற்பவருக்கு நீண்ட அவகாசமும் குளிர்காலத்தில் விற்பவருக்குக் குறுகிய அவகாசமும் கிடைக்கின்றன. இதற்கு எந்தப் பொருளாதார நியாயமும் இல்லை.

ரெடி ரெக்கனர் மதிப்பு இங்கும் குறுக்கிடுகிறது. அரசு மதிப்புக்கும் உண்மை விலைக்கும் இடைவெளி 10 சதவீதத்துக்கு மேற்பட்டால், அரசு மதிப்பையே விற்ற விலையாகக் கொண்டு வரி கணக்கிடப்படும். மின்தூக்கி இல்லாத மூன்றாவது மாடி, ஒழுகும் மேல்தளம், அவசரத் தேவை ஆகிய காரணங்களால் குறைந்த விலைக்கு விற்பவர், கைக்கு வராத பணத்துக்கும் வரி கட்டுகிறார். மதிப்பீட்டு அதிகாரியிடம் முறையிட வழி உண்டு என்றாலும், அந்த வழியை அறிந்தவர் குறைவு.

இவற்றுக்கு அஞ்சி, தொகையில் ஒரு பகுதியை ரொக்கமாக வாங்கிக் கொள்ளும்படி யோசனை சொல்பவர்களும் உண்டு. அது பள்ளத்தில் தள்ளும் யோசனை. 2015 ஜூன் முதல், அசையாச் சொத்து விற்பனையில் 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது தடை செய்யப்பட்டது. மீறினால் வாங்கிய தொகை முழுவதற்கும் ஈடான அபராதம் விதிக்கப்படலாம். 2016 நவம்பர் 8ம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதும் ஒரு குளிர்காலத் தொடக்கத்தில்தான். நவம்பர் 16ல் கூடிய நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடர் டிசம்பர் 16 வரை அமளியிலேயே கரைந்தது. பெட்டியில் இருந்த வீட்டுப் பணத்துக்கு அங்கிருந்து விடை கிடைக்கவில்லை.

சட்டம் யாருக்கு?

வீட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் கொண்டு வந்த பெரிய சட்டம் 2016ல் வந்தது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் அந்த ஆண்டு மார்ச் 10ல் மாநிலங்களவையிலும், மார்ச் 15ல் மக்களவையிலும் நிறைவேறி, 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கட்டி முடிக்காத வீட்டுக்குப் பணம் கட்டி ஏமாந்த லட்சக்கணக்கானோருக்கு அது அரண். ஆனால், அதன் எல்லை புதிய கட்டுமானத் திட்டங்களோடு முடிகிறது. ஒருவர் மற்றொருவருக்குப் பழைய வீட்டை விற்பது அதில் வராது. பதிவு செய்த திட்டங்களில் விற்பனை செய்யும் முகவர் பதிவு பெற வேண்டும். பழைய வீட்டுக்குப் பேரம் பேசும் புரோக்கருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருபுறமும் தரகு வாங்கிக்கொண்டு, "மார்கழி வந்துவிட்டால் ஆள் வரமாட்டார்கள், கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று விற்பவரை அவசரப்படுத்துபவரைக் கேட்க ஆளில்லை.

அடுத்து வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம். மும்பைத் தமிழர்கள் "சொசைட்டி" என்றழைக்கும் இந்தச் சங்கத்தின் ஒத்துழைப்பின்றி வீடு கைமாறாது. உறுப்பினர் மாற்றத்துக்கு வசூலிக்கும் பிரீமியம் மாநகராட்சிப் பகுதிகளில் 25 ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது, சிறிய ஊர்களில் அதனினும் குறைவாக இருக்க வேண்டும், நன்கொடை என்ற பெயரில் கூடுதல் தொகை கேட்கக் கூடாது என்று மாநில அரசு 2001 ஆகஸ்டிலேயே உத்தரவிட்டது. உத்தரவு தெரிந்தவர் வாதாடுவார். ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்ட முதியவர் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போவார்.

கட்டடம் நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது இன்னொரு சிக்கல். 1963ம் ஆண்டின் மகாராஷ்டிர அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி, கட்டியவர் நிலத்தைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றித் தர வேண்டும். பலர் தரவில்லை. அதனால்தான் கட்டியவரின் ஒப்புதல் இன்றியே உரிமையை மாற்றும் வழி 2008ல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. நிலம் மாற்றப்படாத கட்டடத்தில் வீடு விற்பவர், தன் தவறே இல்லாத குறைக்குத் தன் விலையிலிருந்து ஈடு செய்கிறார்.

விற்பவருக்கும் கடமை உண்டு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வாங்குபவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலும் தெரியாத, தனக்குத் தெரிந்த முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது 1882ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். மழைக் கறையை வண்ணப் பூச்சால் மறைத்துக் கார்த்திகையில் விற்பது அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு விரோதமானது. 2019 ஜூலையில் பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் இடையே வெள்ளத்தில் சிக்கிய மகாலட்சுமி எக்ஸ்பிரஸிலிருந்து ஆயிரத்துக்கும் அதிகமான பயணிகள் மீட்கப்பட்டதை நாடே பார்த்தது. அந்த வட்டாரத்தில் வீடு வாங்குபவருக்கு, மழையில் இந்தத் தெரு எப்படி இருக்கும் என்று கேட்க உரிமை உண்டு. நேர்மையான விலை என்பது இருபுறமும் உண்மை பேசும்போது மட்டுமே கிடைக்கும்.

செய்ய வேண்டியது என்ன?

இவற்றில் பெரும்பகுதி மாநில அதிகாரம், தில்லி என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். தீர்வை விகிதம் மாநிலத்தின் கையில் இருப்பது உண்மை. ஆனால், சொத்து மாற்றமும் ஆவணப் பதிவும் அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் உள்ளவை. 1908ம் ஆண்டின் பதிவுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவர, 2025 மே மாதத்தில் மத்திய அரசே வரைவு மசோதாவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. அதே ஆண்டு நவம்பரில், சொத்து வாங்குவதும் விற்பதும் மக்களுக்கு வேதனை தரும் அனுபவமாக இருப்பதைச் சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், பதிவு முறையைச் சீரமைப்பது குறித்துச் சட்ட ஆணையம் ஆராய வேண்டும் என்றது. வாசல் திறந்திருக்கிறது. அதன் வழியாகப் பழைய வீட்டை விற்பவரின் குறையும் உள்ளே போக வேண்டும்.

முதலாவதாக, வீடு விற்ற ஆதாயத்தைத் தனிக் கணக்கில் செலுத்துவதற்கான அவகாசம், எந்த மாதத்தில் விற்றாலும் விற்ற நாளிலிருந்து ஓராண்டு என்று சீராக்கப்பட வேண்டும். இதனால் அரசுக்குப் பெரிய இழப்பு நேராது. இரண்டாவதாக, பழைய வீடுகளுக்குப் பேரம் பேசும் முகவர்களையும் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவுக்குள் கொண்டுவர வேண்டும். மூன்றாவதாக, பழைய ஆவணங்களின் குறைத் தீர்வையைத் தீர்க்க, குடியிருக்க ஒரே வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் நிரந்தர ஏற்பாட்டை மாநில அரசு செய்ய வேண்டும். நான்காவதாக, எதிர்காலத்தில் தீர்வைச் சலுகை அறிவித்தால் அது முழு நிதியாண்டுக்கும், பழைய வீட்டுக்கும் புதிய வீட்டுக்கும் ஒன்றுபோல் கிடைக்க வேண்டும்.

மக்களின் நாட்காட்டியை அரசு மதிக்க முடியாது என்பதில்லை. தமிழகத்தில் முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகங்களுக்குக் கூடுதல் டோக்கன்கள் ஒதுக்கப்படுகின்றன. நல்ல நாளில் பத்திரம் பதிய விரும்பும் மக்களைத் திருப்பி அனுப்பாமல், வரிசையை நீட்டிக் கொடுக்கும் எளிய ஏற்பாடு இது. அரசின் வருவாயும் இதனால் உயர்கிறது. மார்கழியில் கெடு வைத்து மக்களை ஓட வைப்பதைவிட, தையில் வாசலைத் திறந்து வைப்பது இரு தரப்புக்கும் நல்லது.

அம்பர்நாத்தின் பெயர் அண்மையில் நாடு முழுவதும் பேசப்பட்டது. 2025 டிசம்பர் 20ம் தேதி நடந்த நகராட்சித் தேர்தலுக்குப் பின், பாரதிய ஜனதாவும் காங்கிரஸும் உள்ளூரில் கைகோத்ததும், காங்கிரஸ் தன் 12 உறுப்பினர்களை இடைநீக்கம் செய்ததும், அவர்கள் பாரதிய ஜனதாவிலேயே சேர்ந்ததும் 2026 ஜனவரியில் தலைப்புச் செய்திகளாயின. நகராட்சி நாற்காலி யாருக்கு என்ற கணக்கில் எல்லாக் கட்சிகளும் காட்டிய வேகத்தில் ஒரு பங்கையாவது, அந்த நகரில் வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குபவருக்காகக் காத்திருக்கும் முதியவர்களின் கணக்கிலும் காட்டலாம்.

முப்பது ஆண்டு உழைப்பை நான்கு சுவராக்கியவர்கள் அவர்கள். மழை நின்று சுவர் காய்வதற்கும் கெடு வந்து கதவைத் தட்டுவதற்கும் இடையே அவர்களுக்குக் கிடைப்பது மிகக் குறுகிய காலம். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று காத்திருப்பவர்களுக்கு, மார்கழியிலேயே வழியை அடைத்துவிடாத சட்டம் தேவை. அதைச் செய்யும் அதிகாரம் மும்பையிலும் தில்லியிலும் இருக்கிறது.